தாராளத்தின் குதிகால்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அரசாங்கத் தாள்களில் மட்டும் உட்கார்ந்திருந்தது. தெருவுக்கு அவள் தாராளம். வயதில் குறைந்தவர்கள் தாராளக்கா என்பார்கள். கட்டினவரும் தாராளம் என்றுதான் கூப்பிடுவார்.

பணத்தை அள்ளி வீசினதால் வந்த பெயர் அல்ல. அந்த விஷயத்தில் அவள் கை சிக்கனம்தான். துணி தைக்கும்போது தையலுக்கு உள்ளே விடுகிற துணியில்தான் தாராளம். மற்ற தையல்காரர்கள் அரை இன்ச் விடுகிற இடத்தில் இவள் ஒன்றரை இன்ச் விட்டு மடித்துத் தைப்பாள். கேட்டால், "வளர்ற புள்ளையையும் நம்பக் கூடாது, வயிறு வைக்கிற ஆம்பளையையும் நம்பக் கூடாது. நாளைக்கே பிரிச்சு விடுங்கன்னு வந்து நிப்பாங்க. அப்ப துணிக்கு எங்க போறது?" என்பாள்.

வீட்டின் முன்னறைதான் கடை. தெருவைப் பார்த்த ஜன்னலோரம் காலால் மிதிக்கிற தையல் மெஷின். பக்கத்தில் ஒரு பக்கம் கருகின இஸ்திரி மேஜை. சுவர் முழுக்கக் கொக்கிகள். அதில் சட்டை, பள்ளிக்கூடச் சீருடை, ஜன்னல் திரை, தலையணை உறை எல்லாம் துண்டுச்சீட்டு குத்தித் தொங்கும். இருபத்துமூன்று வயதில் பழைய மெஷினாக வாங்கியது. இப்போது அவளுக்கு ஐம்பத்தாறு. முப்பத்துமூன்று வருஷமாக அவளுடைய வலது குதிகால் அந்த இரும்பு மிதியின் கீழ் ஓரத்தில்தான் குடியிருந்தது. செருப்புப் போட்டு மிதிக்க மாட்டாள். "செருப்போட மிதிச்சா காதைப் பொத்திக்கிட்டுப் பாட்டு கேக்குற மாதிரி இருக்கு" என்பாள். துணி கனமா மெல்லிசா, ஊசி மழுங்கிப் போச்சா இல்லையா, எல்லாம் அவளுக்குக் குதிகால் வழியாகத்தான் சேதி வரும்.

அந்தக் குதிகாலில்தான் ஒரு கறுப்புப் பொட்டு வந்தது.

முதலில் மிளகு அளவு. மெஷினுக்கு விட்ட எண்ணெய் சொட்டின கறை என்று நினைத்தாள். அப்படி நினைக்காமல் வேறு எப்படி நினைப்பாள்? வாழ்நாள் முழுக்கத் துணியில் கறையைப் பார்த்தவள். கறைக்கு என்ன செய்வாளோ அதையெல்லாம் காலுக்கும் செய்தாள். சோப்பு போட்டாள். எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்தாள். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தாள். சாக்கட்டியைப் பொடித்து அப்பி ஒருநாள் பூரா வைத்திருந்தாள். எண்ணெய்க் கறையைச் சாக்கட்டிப் பொடி உறிஞ்சும் என்பது தொழிலில் கண்ட உண்மை. கறை போகவில்லை. இரண்டு வருஷத்தில் அது மிளகிலிருந்து சட்டைப் பட்டன் அளவுக்கு வந்தது. ஓரமும் சரியில்லை, கத்தரி பிடிக்கத் தெரியாதவள் வெட்டின துணி மாதிரி அங்கங்கே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் பழுப்பு. வலியில்லை, அரிப்பில்லை. வலிக்காத சமாச்சாரத்தை யார் பெரிசாக எடுத்துக்கொள்கிறார்கள்?

அதைக் கண்டுபிடித்தது ஒரு நர்ஸ். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள். போன வருஷம் தைத்த சீருடை இந்த வருஷம் இடுப்பில் இறுக்குகிறதென்று கொண்டுவந்திருந்தாள்.

"அக்கா, உள்ள துணி விட்டிருப்பீங்கல்ல?"

"உங்களுக்கு ரெண்டு இன்ச்சே விட்டேன் சிஸ்டர். அப்பவே ஒரு சந்தேகம்."

நர்ஸ் சிரித்துக்கொண்டே சீருடையை உதறினாள். தொங்கிக்கொண்டிருந்த பட்டன் ஒன்று தெறித்து, உருண்டு, மெஷினுக்கு அடியில் போய்விட்டது. எடுக்கக் குனிந்தவள் நிமிரவே இல்லை. தாராளம் பாட்டுக்கு ஒரு திரைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சிஸ்டர், பட்டன் கிடைச்சுதா, இல்ல அங்கயே குடித்தனம் வச்சிட்டீங்களா?"

"அக்கா, காலை நிறுத்துங்க."

"இன்னும் ஒரு முழம்தான்..."

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல. குதிகாலைக் காட்டுங்க. இது எத்தனை நாளா இருக்கு?"

"அதுவா? ஆயில் கறை. ரெண்டு வருஷமா உசிரை வாங்குது."

நர்ஸ் விரலை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். "கறைன்னா தோல் மேல இருக்கும்க்கா. இது தோலுக்குள்ள இருக்கு" என்றாள். சிரிப்பு போயிருந்தது. "நாளைக்கு என்கூட வர்றீங்க. வரலைன்னா சீருடையைத் திருப்பி வாங்கிக்குவேன்."

தோல் டாக்டர் வெளிச்சம் உள்ள ஒரு வில்லையை வைத்து நெடுநேரம் பார்த்தார். மரக்க ஊசி போட்டு, பொட்டிலிருந்து ஒரு துளி சதை எடுத்து, இரண்டு தையல் போட்டு அனுப்பினார். பத்து நாள் கழித்து அறுவை டாக்டரம்மாவின் அறையில் உட்கார வைத்தார்கள். நாற்பது வயதிருக்கும், உயரமில்லை, வெள்ளைக் கோட்டின் தோள் டாக்டரம்மாவுக்கு ஒரு பிடி பெரிசு என்பதைத் தாராளம் உள்ளே நுழைந்ததுமே கவனித்துவிட்டாள்.

தாராளத்தோடு இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் வீட்டுக்காரர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், ஊரைச் சிரிக்க வைப்பார், ஊசியைக் கண்டால் உட்கார்ந்துவிடுவார். இன்னொருத்தி அவருடைய தங்கை, தாராளத்துக்கு நாத்தனார். இரண்டு தெரு தள்ளி இருக்கிறவள். இருவரும் ஒரே தையல் வகுப்பில் படித்தவர்கள். வகுப்பில் முதலாவது வந்தவள் தான்தான் என்பது நாத்தனாரின் கட்சி. தாராளம் அதை மறுத்ததும் இல்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "இதுக்கு மெலனோமான்னு பேரு. தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்கள்ல வர்ற புற்றுநோய். நம்ம மாதிரி நிறத்துக்காரங்களுக்கு அதிகம் வராது. வந்தா உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடி, இப்படி ஒளிஞ்ச இடமாப் பார்த்து வரும். உங்களுக்கு ஒண்ணே கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல ஆழம் போயிருக்கு. இந்த ஆழத்துல நாம பண்றதுக்கு நிறைய இருக்கு."

வேன்காரர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். தாராளத்துக்கு மட்டும் அந்த அறையில் இன்னொரு ஆள் நின்றுகொண்டிருந்தார். அவளுடைய பெரியப்பா.

அவளுடைய அப்பாவையும் சேர்த்து உடன்பிறந்தவர்கள் நாலு பேர். மூத்தவர் ரயில் நிலையத்தில் சாமான் எடை போடுகிறவர். இரண்டாவது இவள் அப்பா. மூன்றாவது அத்தை, அந்த அத்தை மகன்தான் வேன்காரருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன், அந்த வழியில்தான் இந்தக் கல்யாணமே கூடியது. நாலாவது ஆள் வெளியூர் போய்க் கடிதத்தோடு சரி. இதில் மூத்தவருக்கு, முப்பது வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி குதிகாலில் ஒரு கறுப்பு. சுற்றிலும் ஒரு கை அகலத்துக்குச் சதையை எடுத்தார்கள். தொடை இடுக்கில் இருந்த நெறிக்கட்டிகளையும் ஒன்று விடாமல் வழித்தெடுத்தார்கள். மனிதர் பிழைத்தார், அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் இருந்தார், எண்பதைத் தாண்டித்தான் போனார். ஆனால் கால் நீண்ட தலையணை மாதிரி வீங்கிப்போனது, வடியவே இல்லை. அவருக்குப் பேண்ட் தைத்துக் கொடுத்தது தாராளம்தான். இடது காலுக்குத் தொடைச் சுற்று பத்தொன்பது இன்ச், வலது காலுக்கு இருபத்தெட்டு. அந்த இரண்டு எண்ணும் அவளுக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. பெரியப்பாவின் கதையை டாக்டரம்மாவிடம் சொல்லி முடித்தாள்.

"டாக்டரம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்றாள். "மெஷின் மிதிக்க முடியுமா?"

"முடியும்னு நினைக்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன்."

"நாங்க வெள்ளிக்கிழமை தர்றோம்னு கூசாம சத்தியம் பண்ணுவோமே!"

"அதனாலதான் நான் பண்றதில்ல. என் ஜன்னல் திரை நாலு வெள்ளிக்கிழமையா ஒரு டெய்லர்கிட்ட கிடக்கு."

வேன்காரருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "அதனால என்ன, ஒரு மோட்டார் மாட்டிட்டாப் போச்சு. கால் எதுக்கு?" என்றார்.

"உங்க வேனை நீங்க ஓட்டாம பின்னாடி நின்னு நாலு பேர் தள்ளினா ஒத்துக்குவீங்களா? கம்முனு இருங்க" என்றாள் தாராளம்.

டாக்டரம்மா ஒரு தாளில் பாதத்தை வரைந்தாள். "உங்க பெரியப்பா காலத்துல அஞ்சு சென்டிமீட்டர் சுத்தி எடுப்பாங்க. அவ்வளவு எடுத்தாலும் கம்மியா எடுத்தாலும் ஆயுசுல வித்தியாசம் இல்லைன்னு பிற்பாடு தெரிஞ்சுபோச்சு. இப்ப ஆழத்துக்குத் தக்கபடிதான் எடுக்கிறோம். உங்க ஆழத்துக்கு ஒண்ணுல இருந்து ரெண்டு சென்டிமீட்டர். ஒண்ணே போதுமா, ரெண்டு வேணுமான்னு இன்னும் பல ஊர்ல ஒப்பிட்டுப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க."

"அப்ப ஒண்ணு எடுங்க."

"எடுக்கலாம். ஆனா குதிகால்ல ஒண்ணு எடுத்தாலும் குழிதான், ரெண்டு எடுத்தாலும் குழிதான். இழுத்து மூட அங்க உபரித் தோல் இல்ல. எப்படியும் வேற இடத்துல இருந்து கொண்டுவரணும். தொடைத் தோல் அங்க தாங்காது, தேஞ்சு போயிரும். அதனால உள்ளங்கால் குழிவுல இருக்கிற தோலை, அடிச்சதையோட, ரத்தக்குழாய் அறாம அப்படியே திருப்பிக் குதிகாலுக்குக் கொண்டுவருவேன். அது உள்ளங்கால் தோலே, மிதி தாங்கும், உணர்ச்சியும் இருக்கும். குழிவு தரையில படாத இடம். அங்க தொடையில இருந்து மெல்லிசாச் சீவின தோலை ஒட்டிருவேன்."

தாராளம் அந்தப் படத்தையே பார்த்தாள். பிறகு நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். இருவர் முகமும் ஒரே சமயத்தில் மலர்ந்தது.

"அட, காலர் மாத்துறது!" என்றாள் நாத்தனார்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. தாராளம்தான் விளக்கினாள். "சட்டையில முதல்ல தேயறது காலர்தான். வேற துணி போட்டா நிறம் சேராது. அதனால அதே சட்டையோட பின்வால் இருக்குல்ல, பேண்டுக்குள்ள போற பகுதி, அங்கிருந்து துணி எடுத்துக் காலர் போட்டிருவோம். வாலுக்கு ஏதாவது ஒரு லைனிங் துணியை ஒட்டிருவோம். அது வெளியில தெரியாது. முப்பது வருஷமா இதைத்தானே பண்றேன்!"

"நான் ரத்தக்குழாயோட பண்றேன். மத்தபடி அதேதான்."

தாராளம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். "காலர் மாத்துறதுதான்னு முடிவான பிறகு வெட்டுறதுல என்ன கஞ்சத்தனம்? ரெண்டே எடுங்க. பின்னால மறுபடி பிரிக்க வைக்காதீங்க" என்றாள்.

"பேருக்கேத்த மாதிரி பேசிட்டா" என்றார் வேன்காரர். கண் கலங்கியிருந்தது, கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் துடைத்துக்கொண்டார்.

"அந்த நெறி விஷயம்?" தாராளத்தின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"எல்லாத்தையும் எடுக்கப் போறதில்ல. குதிகால்ல ஒரு மருந்து, கூட நீலச் சாயம், ரெண்டும் ஊசியில போடுவேன். ஈரத் துணியில மை பட்டா இழை வழியா ஓடுமே, அந்த மாதிரி ஓடி, தொடை இடுக்குல எந்த நெறியில முதல்ல போய்ச் சேருதோ, அந்த ஒண்ணை மட்டும் எடுத்துச் சோதிப்போம். நோய் போகணும்னா முதல்ல அந்த வாசப்படியைத்தான் மிதிச்சிருக்கும்."

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று சாயங்காலம் டாக்டரம்மா வந்து, தாராளத்தைக் கட்டிலில் படுக்க வைத்து, அளவுகோல் வைத்துக் காலில் கோடு போட்டாள். ஊதா மையில் பொட்டைச் சுற்றி ஒரு வட்டம், குழிவில் ஒரு பெரிய இலை மாதிரி வடிவம், நடுவில் புள்ளிக் கோடுகள். அரை மணி நேர வேலை. நாத்தனார் கிட்டப் போய்ப் பார்த்து, "வகுப்புல நான் போட்ட கோடு மாதிரி சுத்தமா இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் கிருமி போக்குகிற சோப்பைக் கொடுத்துக் குளித்துவிட்டு வரச் சொன்னார்கள். தாராளம் குளியலறைக்குப் போனாள். போனவள் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

நம் நர்ஸ் அன்றைக்கு அந்த வார்டில்தான் இருந்தாள். ஆசையாக வந்து காலைத் தூக்கிப் பார்த்தவள் அலறிவிட்டாள்.

"அக்கா! கோடு எங்க?"

"எந்தக் கோடு? ஓ, அந்த மை கறையா? நல்லா தேய்ச்சு எடுத்துட்டேன். லேசுல போகுதா அது! நகத்தால சுரண்டி, துணியால தேய்ச்சு..."

"அய்யோ! அது டாக்டர் வெட்டுறதுக்குப் போட்ட குறிக்கா!"

தாராளம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். முப்பத்துமூன்று வருஷத்துப் பழக்கம் அது. கொடுக்கப்போகிற துணியில் சாக்கட்டிக் கோடு தெரியக் கூடாது. தெரிந்தால் தொழிலுக்கு அவமானம். ஆஸ்பத்திரியில் பத்துப் பேர் பார்க்கிற காலை இப்படிக் கிறுக்கலோடு எப்படிக் காட்டுவது என்று அவள் கை தானாக வேலை செய்திருந்தது. வெட்டின பிறகுதான் கோட்டை அழிக்க வேண்டும். வெட்டுவதற்கு முன்னால் அழித்தவள் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"அடி வகுப்புல ரெண்டாவது வந்தவளே!" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா வந்தாள். வெறும் குதிகாலைப் பார்த்தாள். நர்ஸைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என் சர்வீஸ்ல கோட்டைத் துவைச்ச ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். சரி, படுங்க. மறுபடி போடுறேன்."

தாராளம் படுக்கவில்லை. குற்றம் செய்தவள் பேசாமல் இருக்க வேண்டும் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் நேற்றிலிருந்தே ஒன்று நெஞ்சில் நின்றுகொண்டிருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நாங்க யாரையும் படுக்க வச்சு அளவு எடுக்கிறதில்ல. படுத்தா உடம்பு வேற, நின்னா உடம்பு வேற. படுக்க வச்சு எடுத்த அளவுல தைச்சா நிக்கும்போது பிடிக்கும்."

"நடக்க வச்சுப் பார்த்தேனே?"

"நடக்கிறது வேற, மிதிக்கிறது வேற."

டாக்டரம்மா சிரிப்பதை நிறுத்தினாள். "எப்படி மிதிப்பீங்க? காட்டுங்க."

கட்டிலில் ஏற வைத்திருந்த கால்பலகையை நர்ஸ் இழுத்துப்போட்டாள். அதன் ஒரு பக்கத்துக்கு அடியில் நாத்தனார் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தாள். பலகை மிதி மாதிரியே சாய்ந்தது. தாராளம் நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலை வைத்து, இல்லாத மெஷினை மிதித்தாள். இல்லாத துணியைக் கையால் தள்ளினாள். டாக்டரம்மா தரையில் முழங்கால் போட்டுக் குனிந்து பார்த்தாள். பாரம் முழுக்கக் குதிகாலின் வெளிப்பக்கப் பின் ஓரத்தில் இறங்கியது. நேற்றுப் போட்ட வரைபடத்தில் தையல் வரி போனதும் அதே ஓரத்தில்தான்.

"ம்" என்றாள். விரலால் அந்த ஓரத்தைத் தொட்டு, "இங்க தையல் வந்தா அறுக்கும்" என்றாள்.

"பேண்ட் போட்டு உட்காருற இடத்துல தையல் மூட்டு வந்தா எப்படி இருக்கும்?" என்றாள் தாராளம். "உள்பக்கமாத் தள்ளுங்க."

"வெட்டுற ரெண்டு சென்டிமீட்டர்ல ஒரு நூல் குறைக்க மாட்டேன்."

"அதை யாரு குறைக்கச் சொன்னா? மூட்டை மட்டும் தள்ளுங்கன்னுதான் சொல்றேன்."

இலை வடிவம் கொஞ்சம் அகலமானது. ஓரம் வளைந்து, மிதிபடாத உள்பக்கத்துக்கு ஒதுங்கியது. முடித்துவிட்டு டாக்டரம்மா நர்ஸிடம், "இனிமே இவங்க பக்கத்துல சோப்பு போகக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே தன்னுடையது இல்லை என்று ஆகிவிட்டது. மேலே விழிப்பு இருந்தது. விழிப்பு இருந்தால் தாராளத்துக்கு வாயும் இருக்கும். நடுவில் ஒரு திரை கட்டியிருந்தார்கள். அதன் ஓரம் நேராக அடிக்கப்படவில்லை என்பதை அவள் சொல்லிவிட்டாள். ஊசியில் போட்ட மருந்து எங்கே போய்ச் சேர்ந்ததென்று தொடை இடுக்கில் ஒரு கோல் மாதிரிக் கருவியை வைத்துத் தேடினார்கள். 'கீங், கீங்' என்று மெதுவாகக் கத்தியது, ஓரிடத்தில் விடாமல் கத்தியது. "இதோ, நீலமா உட்கார்ந்திருக்கு" என்றது டாக்டரம்மாவின் குரல். முதல் நெறி வந்துவிட்டது.

பிறகு குதிகால். கத்தரிச் சத்தம் கேட்டது. நல்ல கத்தரி என்று தாராளம் நினைத்துக்கொண்டாள். அடுத்து டாக்டரம்மா நூல் கேட்டது காதில் விழுந்தது.

"இப்ப என்ன தையல் போடுறீங்க? அதுக்குள்ள மூடிட்டீங்களா?"

"இல்ல. எடுத்த துண்டுல குறிக்கு ஒரு நூல் கட்டுறேன். மேல் ஓரத்துக்கு நீள நூல், பக்க ஓரத்துக்குக் குட்டை நூல். சோதிக்கிறவங்க எந்த ஓரம் எதுன்னு தெரிஞ்சுக்கணும். ஒரு ஓரத்துல நோய் மிச்சம்னு சொன்னா, எங்க போய் மறுபடி எடுக்கிறதுன்னு எனக்குத் தெரியணும்ல."

"நானும் சட்டையோட கைத்துணியில போடுவேனே! முன்பக்கத்துக்கு ஒரு நூல், பின்பக்கத்துக்கு ரெண்டு நூல். இல்லைன்னா கை மாறிப்போகும். எங்க நாத்தனார் போட மாட்டா. கண்ணே போதும்பா."

அந்தக் கண்ணின் லட்சணம் வீட்டுக்கு வந்த நாலாம் நாள் தெரிந்தது.

முதலில் வேன்காரரின் கதையைச் சொல்லிவிட வேண்டும். அறுவை முடிந்த அன்று மத்தியானம், கழிவுப் பையைப் பார்த்தவர் சுவரோடு சாய்ந்துவிட்டார். சிறுநீர் பச்சையும் நீலமுமாக இருந்தது. "தாராளம், உனக்குள்ள என்னத்தையோ கலந்துட்டாங்கடி" என்று அழாத குறை. நீலச் சாயம் அப்படித்தான் வெளியே போகும், ஒன்றிரண்டு நாள் என்று நர்ஸ் சொன்ன பிறகு எழுந்தார். அதற்கப்புறம் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம், "எங்க வீட்டம்மா சாயப்பட்டறை வச்சிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மூன்று வாரம் குதிகால் தரையில் படக்கூடாது. வீட்டுக்குக் கொண்டுவந்து, உள்ளறைக் கட்டிலில் காலைத் தலையணை மேல் வைத்துப் படுக்க வைத்தார்கள். முன்னறையில் நாத்தனார் மெஷினில் உட்கார்ந்தாள். அவளுக்கு அது பட்டாபிஷேகம்.

தாராளத்துக்கு மெஷின் கண்ணில் படாது, சத்தம் கேட்கும். அது போதும்.

"தையல் நீளம் ஜாஸ்தி!" என்பாள் கட்டிலிலிருந்து.

"அண்ணி, வெட்டினது காலைத்தான்னு நினைச்சேன். காதைத் தீட்டி விட்டுட்டாங்களா?"

"ஊசி மழுங்கியிருக்கு. மாத்து."

"மாத்திட்டேன், மாத்திட்டேன்!" மாற்றியிருக்க மாட்டாள், கொஞ்ச நேரம் கழித்து டப்பா திறக்கிற சத்தம் கேட்கும்.

நாலாவது நாள் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் புதுச் சட்டையைப் போட்டுப் பார்த்தார். கை முன்னால் நீட்டினால் சட்டை முதுகைப் பிடித்து இழுத்தது. வலது கையை இடதுபக்கமும் இடது கையை வலதுபக்கமும் வைத்துத் தைத்திருந்தாள் நாத்தனார். வாத்தியார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இப்படி நின்னா சரியா இருக்கு" என்றார், பெருந்தன்மையாக. உள்ளறையில் தாராளம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் தொடை இடுக்குத் தையல் சுரீர் என்றது.

அன்று சாயங்காலம் நாத்தனார் உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஒரு நூல், ரெண்டு நூல்... எது முன்னாடி?" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

"ஒண்ணு முன்னாடி" என்றாள் தாராளம். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

பதினெட்டாம் நாள் முடிவு வந்தது. மூவரும் மறுபடி அந்த அறையில் உட்கார்ந்தார்கள்.

"குதிகால் துண்டு நாலு ஓரமும் சுத்தம். அடியும் சுத்தம்" என்றாள் டாக்டரம்மா. வேன்காரர் கைதட்டப் போனார். "பொறுங்க. எடுத்த நெறியில ஒரு மணல் அளவுக்கு நோய் இருக்கு. அரை மில்லிமீட்டர்கூட இல்ல."

தாராளத்தின் காதுக்குள் இரண்டு எண்கள் ஓடின. பத்தொன்பது, இருபத்தெட்டு.

"அப்ப மிச்சத்தையும் எடுப்பீங்க" என்றாள். "பெரியப்பா மாதிரி."

"பெரியப்பா காலமா இருந்தா எடுத்திருப்போம். சில வருஷம் முன்னாடி வரைக்கும்கூட எடுத்திருப்போம். எடுத்தவங்களையும், எடுக்காம கண்காணிச்சவங்களையும் ரெண்டு பக்கமா வச்சு வருஷக்கணக்காப் பார்த்தாங்க. ஆயுசு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். கால் வீக்கம் மட்டும் எடுத்தவங்க பக்கம் ஜாஸ்தி. அதனால உங்களுக்கு எடுக்கப் போறதில்ல. நாலு மாசத்துக்கு ஒருமுறை வந்து தொடை இடுக்கை ஸ்கேன் பண்ணிக்கணும். ஏதாவது தலை தூக்கினா அப்ப எடுக்கலாம். மருந்து டாக்டரையும் கேட்டேன். இவ்வளவு சின்னதுக்கு இப்ப மருந்து வேண்டாம், கையிருப்புல வச்சுக்கலாம்னு சொல்றார். இனிமே வரவே வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். கண்ணை எடுக்காம பார்த்துக்கிட்டே இருப்பேன். அதுக்கு வேணும்னா சத்தியம் பண்றேன்."

தாராளம் யோசித்தாள். "உள்ள துணி விட்டு வச்சிருக்கீங்க" என்றாள்.

"ஆமா. தேவைப்பட்டா பிரிக்கலாம்."

"அது சரி. அது நல்ல வேலைதான்." எழுந்திருக்கும்போது டாக்டரம்மாவின் தோளைத் தொட்டாள். "அந்த வெள்ளைக் கோட்டைக் கழட்டிக் கொடுத்து விடுங்க. ஒரு பிடி பிடிச்சுத் தர்றேன். வெள்ளிக்கிழமை. சத்தியமா!"

ஏழாவது வாரம் டாக்டரம்மா அனுமதி கொடுத்தாள். முதலில் ஐந்து நிமிஷம், மிதியில் மெத்தென்று துணி விரித்து, வலித்தால் நிறுத்த வேண்டும். காலை பத்து மணி. வேன்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து வாசலில் நின்றார். நாத்தனார் மெஷினிலிருந்து எழுந்து, "ஊசி புதுசு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். நர்ஸின் சீருடை அவள் கொண்டுவந்த நாள்முதல் அதே கொக்கியில் தொங்கியது. அதை மட்டும் நாத்தனார் தொடவில்லை.

தாராளம் உட்கார்ந்தாள். நாலாக மடித்த பருத்தித் துணியை நர்ஸ் கொடுத்திருந்தாள். அதை விரிப்பதற்கு முன்னால், யாரும் பார்க்காத மாதிரி, வெறும் குதிகாலை இரும்பின் மேல் வைத்தாள். இத்தனை நாளும் அவள் பயந்தது வலிக்கு அல்ல. வைத்தால் ஒன்றுமே தெரியாமல் போய்விட்டால்? மரக்கட்டை மாதிரி இருந்துவிட்டால்?

ஒரு விநாடி ஒன்றுமில்லை.

பிறகு இரும்பு சில்லென்றது. முன்போலக் குதிகாலின் நடுவில் இல்லை. எங்கோ உள்ளங்கால் குழிவில் படுகிற மாதிரி இருந்தது. இடம் மாறி வந்த தோல், பழைய முகவரியிலேயே சேதி சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் சேதி வந்தது.

"என்ன?" என்றார் வேன்காரர், வாசலிலிருந்து.

"கூசுது" என்றாள். சொல்லும்போதே சிரித்துவிட்டாள்.

துணியை விரித்தாள். சீருடையின் பக்கத் தையலைப் பிரித்து, தான் விட்டு வைத்திருந்த இரண்டு இன்ச்சில் ஒன்றை வெளியே எடுத்து, ஊசிக்கு அடியில் வைத்தாள். மிதித்தாள். சக்கரம் ஒருமுறை தடுமாறி, பிறகு சுற்றியது. இடுப்பிலிருந்து கீழ் ஓரம்வரை ஒரே ஓட்டமாக ஓட்டினாள்.

உள்ளறையிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது.

"அண்ணி! தையல் நீளம் ஜாஸ்தி!"

தாராளம் குனிந்து பார்த்தாள். உண்மையாகவே ஜாஸ்திதான். வாயை மூடிக்கொண்டு, நீளத்தைக் குறைக்கும் திருகைத் திருப்பி, பிரித்துவிட்டு மறுபடி ஓட்டினாள்.